இரண்டு வீட்டுக்கு ஒரு கயிறு

செஞ்சியில் வாய்க்கால் தெரு எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்களே ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். தெரு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் ஒரு பக்கம், எட்டு வீடுகள் ஒரு பக்கம், நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்கு சிமெண்ட் ரோடு. கோட்டை மலைகள் மூன்றும் அங்கிருந்து தெரியும். மழைக்காலத்தில் அவற்றைப் பார்க்க அழகாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். பாறை ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காது. பெய்ததை எல்லாம் அப்படியே கீழே தள்ளிவிடும்.

நாலாவது வீட்டில் ரஞ்சனி இட்லி மாவு அரைத்து விற்றாள். அடுப்படியில் பெரிய கிரைண்டர் இரண்டு. விடிகாலையில் அவை ஓட ஆரம்பித்தால் எட்டு வீட்டுக்கும் அலாரம் தேவையில்லை. புருஷன் தேவேந்திரனுக்கு சென்னை பஸ்ஸில் கண்டக்டர் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வீட்டில் இருப்பான். மகள் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஆகவே பாதி நாள் ரஞ்சனி தனியாகத்தான் இருந்தாள். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை. மாவு வாங்க வருகிறவர்களிடம் பேசியே அவளுக்குப் பொழுது போய்விடும்.

அவள் பேசாத வீடு ஒன்று உண்டென்றால் அது மூன்றாவது வீடு. அவளுக்கும் அந்த வீட்டுக்கும் ஒரே சுவர்தான். அங்கே எழிலரசனும் மோனிகாவும் இருந்தார்கள். இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவன் கடைவீதியில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட்டும் ஸ்டிக்கரும் வெட்டித் தரும் கடையில் வேலை பார்த்தான். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள்.

சண்டை வந்தது தண்ணீரால். பெஞ்சல் புயலில் எட்டு வீட்டுக்குள்ளும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. ரஞ்சனியின் கிரைண்டர் மோட்டார் இரண்டும் புகைந்து போயின. மோனிகாவின் தையல் மிஷின் துருப்பிடித்தது. வடிந்த பிறகு எழிலரசன் ஒரு முடிவு எடுத்தான். டிராக்டரில் இடிபாட்டு மண் அடித்து, வீட்டுத் தரையையும் வாசலையும் இரண்டடி உயர்த்தினான். வாசல் மேடு ரோடு வரைக்கும் நீண்டது. எட்டு வீட்டுக்கும் முன்னால் ஓடுகிற மழைநீர்க் கால்வாய் அந்த மேட்டுக்கு அடியில் போய்விட்டது. நாலு அங்குல பைப் ஒன்றைப் போட்டுத்தான் மூடினான். அது ஒரே வாரத்தில் பால் கவரும் சேறுமாக அடைத்துக்கொண்டது.

"கால்வாய மூடிட்டியே, இனி தண்ணி எங்க போவும்? என் வூட்டுக்குள்ளதான வரும்?" என்று ரஞ்சனி போய் நின்று கத்தினாள். கோபத்தில் அவளுக்கு வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எழிலரசன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போனை எடுத்து ஏதோ எழுதி அவள் முன்னால் நீட்டினான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் படிக்க வாணாம்."

அதோடு சரி. அஞ்சாம் வீட்டு நாகம்மாள் இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். "பேசாதவங்களோட பேச்சை நிறுத்தின மொத ஆளு நம்ம ரஞ்சனிதான்" என்றாள். ரஞ்சனிக்கு அதுவும் கோபம்.

இப்படி எட்டு மாதம் போன பிறகு, ஒரு புரட்டாசி மாதக் காலையில் கலைச்செல்வி என்ற பெண் கணக்கெடுக்க வந்தாள். தொண்டூர்க்காரி. படித்துவிட்டு ஒரு கல்லூரி ஆய்வுக்காக வீடு வீடாகப் போய் வெள்ளம், புயல் வந்தால் யார் யார் எப்படித் தயாராக இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தாள். கையில் அட்டையும், அதில் செருகிய படிவக் கட்டும். தேவேந்திரன் டூட்டி முடிந்து வந்து உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரஞ்சனி அவளுக்கு நாற்காலி போட்டுவிட்டு, தான் மாவு டிரம்மின் மூடிமேல் உட்கார்ந்தாள்.

"புயல் வர்றது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"டிவி இருக்குது, போன் இருக்குது. ஆட்டோவுல மைக் கட்டி சொல்லிக்கினு போவாங்க. எல்லாத்துக்கும் முன்னாடி நாகம்மாக்கா சொல்லிடும்."

"ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"கட்டிலு அடியில. டிரங்குப் பொட்டியில."

"போன வருஷம் தண்ணி எவ்ளோ உசரம் வந்துச்சு?"

ரஞ்சனி சுவரில் இருந்த பழுப்புக் கோட்டைக் காட்டினாள். கலைச்செல்வி கோட்டைப் பார்த்தாள், அப்புறம் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

"அப்ப பொட்டி நனைஞ்சிருக்குமே."

"நனைஞ்சுதான் போச்சு. மொட்டைமாடி உள்ளவங்க வூட்ல காய வெச்சி எடுத்தோம்."

"எடுத்துட்டு?"

"திரும்ப அங்கியே வெச்சிட்டோம்" என்றாள் ரஞ்சனி. சொல்லி முடித்தபோது அவளுக்கே அது நன்றாக இல்லை. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் இருமினான்.

"கேஸ் மூடறது, மெயின் ஆஃப் பண்றது யாரு?"

"இவருதான்."

"அவரு டூட்டியில இருந்தா?"

ரஞ்சனி அண்ணாந்து மெயின் பெட்டியைப் பார்த்தாள். கலைச்செல்வி எதையோ எழுதிக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள். "மைக்ல சொன்னா கேக்க முடியாதவங்க, நடக்க முடியாதவங்க யாராவது தெருவுல இருக்காங்களா?"

"பக்கத்து வூட்டு ஊமையன் இருக்கான். பொண்டாட்டியும் அப்படித்தான்."

பேனா நின்றது. "அவங்க பேரு இன்னாக்கா?"

"எழிலரசன். மோனிகா." சொல்லும்போது, இந்த எட்டு மாதத்தில் அந்தப் பெயர்களைத் தன் வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை என்று ரஞ்சனிக்குப் பட்டது.

கலைச்செல்வி பக்கத்து வீட்டுக்குப் போனாள். அரைமணி நேரம் கழித்து, அந்த இருவரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். வாசலில் ரஞ்சனிக்கும் அவர்களுக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அக்கா, எச்சரிக்கை எப்படித் தெரியும்னு இந்த ஃபாரத்துல நாலு கட்டம் இருக்குது. டிவி, ரேடியோ, மைக், மத்தவை. டிவியில செய்தி வாசிக்கிறவங்க உதட்டைப் பாத்து இவங்க ஓரளவு புரிஞ்சிக்கிறாங்க. ஆனா கரண்ட் போயிட்டா அதுவும் இல்ல, டவர் போயிட்டா போனும் இல்ல. நான் மத்தவைன்னு டிக் போட்டுட்டுப் போயிடலாம். தண்ணி வர்ற அன்னிக்கு அந்த மத்தவை யாருன்னுதான் எனக்குத் தெரியல."

"போன வருஷம் யாரு சொன்னாங்களாம்?"

"யாரும் சொல்லல. தூக்கத்துல இவங்க கை கட்டில்ல இருந்து கீழ தொங்கியிருக்குது. விரல் நனைஞ்சுதான் முழிச்சிருக்காங்க."

ரஞ்சனி மோனிகாவின் கையைப் பார்த்தாள். விரலில் தையல் ஊசி குத்திய புள்ளிகள். அந்த ராத்திரி தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். கிரைண்டரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் தூங்குகிறார்கள் என்ற நினைப்பே வரவில்லை.

இருந்தாலும் உடனே இறங்கி வர மனம் ஒப்பவில்லை. "எனக்கே ஆயிரம் வேல இருக்குது" என்றாள். "ஒரு கயிறு இருந்தா போதும்க்கா" என்றாள் கலைச்செல்வி.

உள்ளிருந்து தேவேந்திரன் கை கழுவிக்கொண்டு வந்தான். "கயிறு நான் வாங்கியாறேன்" என்றான்.

எதற்குக் கயிறு என்பதை எழிலரசன் படிவத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினான். கலைச்செல்வியிடம் முன்பே பேசி வைத்திருப்பான் போலும். இரண்டு வீட்டு அடுப்படிக்கும் ஷீட் கூரை. பொதுச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி உண்டு. அதன் வழியே ஒரு நைலான் கயிறு. ரஞ்சனி இந்தப் பக்கம் மூன்று தடவை இழுத்தால் அந்தப் பக்கம், தையல் மிஷினுக்கு நேர் மேலே ஒரு சிவப்புத் துணி குதிக்கும். ராத்திரியில் கயிற்று நுனியை அவன் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வான். தெரிந்துகொண்டோம் என்று சொல்ல அவர்கள் இரண்டு தடவை இழுப்பார்கள். அதற்காக ரஞ்சனியின் அடுப்படியில் ஒரு மணி.

தேவேந்திரன் கடைவீதியிலிருந்து மாட்டுக்குக் கட்டுகிற மணியை வாங்கி வந்தான். "நான் இன்னா மாடா?" என்று ரஞ்சனி கேட்டாள். அவன் அதற்குள் ஏணிமேல் ஏறிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. அவள் வேண்டாவெறுப்பாகத்தான் இழுத்தாள். மணி இரண்டு தடவை அடித்தது. அவ்வளவுதான், அடுத்த ஞாயிறு வரை ஒன்றும் கிடையாது. வாசலில் எதிர்ப்பட்டால் இரண்டு வீட்டாரும் பழையபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மணி கொஞ்சம் தாமதமாக அடித்தால், ரஞ்சனி கரண்டியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கத் தொடங்கினாள். டிரங்குப் பெட்டியும் ஒருநாள் கட்டிலுக்கு அடியிலிருந்து பரணுக்கு ஏறியது. மெயினை எப்படி அணைப்பது என்று தேவேந்திரனிடம் கேட்டுக்கொண்டாள். கலைச்செல்வி சொன்னதற்காக இல்லை, பெருக்குவதற்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் பெட்டியை ஏற்றினேன் என்று அவனிடம் சொன்னாள். அவனும் நம்பியதுபோல் தலையாட்டினான்.

கார்த்திகை பிறந்து பத்து நாளில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது, சனிக்கிழமை விடவே இல்லை. கரண்ட் எப்போது வேண்டுமானாலும் போகும் என்று ரஞ்சனி சனிக்கிழமையே இரண்டு டிரம் மாவு அரைத்து வைத்தாள். நினைத்தபடி ஞாயிறு காலையில் கரண்ட் போனது. நினைக்காதது என்னவென்றால், மாவு வாங்க ஒரு ஆள்கூட வரவில்லை. தேவேந்திரன் சென்னையில் மாட்டிக்கொண்டிருந்தான். போனில் டவர் இல்லை.

மூன்று மணி இருக்கும். அவள் அடுப்படியில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஷீட் கூரைமேல் மழை விழுகிற சத்தம் சத்தமாகவே இல்லை, காதுக்குள் எதையோ திணித்து வைத்த மாதிரி இருந்தது. தான் தும்மியதே அவளுக்குக் கேட்கவில்லை. முறத்தைத் தட்டிக்கொண்டே தற்செயலாக நிமிர்ந்தவள், மாட்டு மணி ஆடுவதைப் பார்த்தாள்.

மணி ஆடியது. நாக்கு இரண்டு பக்கமும் மோதியது. ஓசை மட்டும் வரவில்லை.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். எலியாகவும் இருக்கலாம். பிறகு கயிறு விறைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சற்று விட்டு மறுபடியும் மூன்று. அது அவர்கள் இழுக்க வேண்டிய கணக்கு இல்லை, அவள் இழுக்க வேண்டிய கணக்கு. முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்ததும் தண்ணீர் உள்ளே வந்து அவள் பாதத்தைத் தொட்டது.

எழிலரசன் முழங்கால் தண்ணீரில் அவள் படிக்கு முன்னால் நின்றிருந்தான். கயிற்றை விட்டுவிட்டு வந்த மோனிகா தன் மேட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் வாய்க்காலைக் காட்டினான். வாய்க்காலுக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தண்ணீரின்மேல் தட்டுத் தட்டாக ஏதோ மிதந்து போனது. அல்லி இலைகள். தெரு முழுக்க அல்லி இலைகள். ரஞ்சனிக்கு அப்போதுதான் உறைத்தது. மழைத் தண்ணீரில் அல்லி இலை வராது, இது ஏரித் தண்ணீர். ஏரி நிரம்பிக் கோடி போய்விட்டது, வழிகிற தண்ணீர்தான் தெருவுக்குள் வந்திருக்கிறது.

மோனிகா கரண்ட் இல்லாததால் ஜன்னலோரம் உட்கார்ந்து கையால் ஹெம்மிங் செய்துகொண்டிருந்திருக்கிறாள். தெருமுனையில் மைக் கட்டிய ஆட்டோ வந்து நின்றது. தண்ணீரைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் அங்கிருந்தபடியே அறிவித்துவிட்டுத் திரும்பிப் போனது. அவளுக்கு அது கேட்காது, ஆனால் ஆட்டோ பின்னால் நகர்ந்த விதத்தைப் பார்த்தாள். அடுத்து அல்லி இலைகளைப் பார்த்தாள். முனை வீட்டுக்காரர்கள் மூட்டையோடு கிளம்புவதைப் பார்த்தாள். ரஞ்சனியின் கதவு மூடியே இருப்பதையும் பார்த்தாள். இதெல்லாம் ரஞ்சனிக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அந்த நேரத்தில் கேள்விகளுக்கு இடமில்லை. ரஞ்சனி ஸ்டூல்மேல் ஏறி மெயினை அணைத்தாள், கேஸை மூடினாள், பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். பெட்டியோடு திரும்பியபோது எழிலரசன் கிரைண்டர் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். எங்கே வைப்பது என்று கண்ணால் கேட்டான். அவள் வீட்டில் தண்ணீர் ஏறாத இடம் பரண் ஒன்றுதான், அது கிரைண்டரைத் தாங்காது. அவன் தன் வீட்டைக் காட்டினான்.

அந்த மேட்டைத்தான் பத்து மாதமாக அவள் சபித்துக்கொண்டிருந்தாள். "கொண்டு போ" என்றாள். சத்தம் போடாமல், மெதுவாக, உதடு தெரியும்படி சொன்னாள். அவனுக்குப் புரிந்தது.

கிரைண்டர் இரண்டும் போயின. அரிசி மூட்டை போனது. மோனிகா அவற்றை வாங்கி வாங்கித் தன் வீட்டுக் கட்டில்மேல் அடுக்கினாள். மாவு டிரம்களைத் தூக்கும்போது எழிலரசன் நின்றான். ரஞ்சனியை இரண்டு கையாலும் தடுத்து, தண்ணீரைக் காட்டினான். தண்ணீர் ரோட்டோடு வேகமாக வந்து அவன் மேட்டின் ஓரத்தில் மோதி, வளைந்து, நேராக அவள் வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. தூண்டிலை வளைத்த மாதிரி அப்படியொரு வளைவு. அவன் அதைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். மழை அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. பிறகு டிரம்மைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

அதற்குள் ரஞ்சனி அஞ்சாம் வீட்டுக் கதவைத் தட்டி நாகம்மாளையும் கிளப்பியிருந்தாள். நாகம்மாளும் மைக்கைக் கேட்டிருக்கவில்லை. "இந்த மழையில எவனுக்குக் காது கேக்குது" என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

வெள்ளம் வந்தால் எல்லோரும் ஒதுங்குவது தெருமுனையைத் தாண்டி இருந்த பள்ளிக்கூடத்தில்தான், அது தெருவைவிட ஓர் ஆள் உயரம் மேடு. சாயங்காலத்துக்குள் எட்டு வீட்டு ஆட்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பக்கத்துத் தெருக்காரர்களும் சேர்ந்து நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். பெஞ்சுகளை ஒட்டிப் போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். டவுன் பஞ்சாயத்து ஆட்கள் அடுப்பும் அரிசியும் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வர நேரமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எழிலரசன் தோளில் சுமந்து கொண்டுவந்து சேர்த்த மாவு டிரம்மின் மூடியை ரஞ்சனி திறந்து பார்த்தாள். மாவு பொங்கி விளிம்புவரை வந்திருந்தது. இன்னும் ஒரு ராத்திரி போனால் புளித்துக் கெட்டுவிடும்.

"சத்துணவு அடுப்பு எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

தோசைக்கல் இல்லை. பெரிய இரும்பு வாணலி இருந்தது, அதைக் கவிழ்த்துப் போட்டு ஒன்று ஊற்றிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. சாதாரணமாகவே வைத்து, தடிமனாக ஊற்றி, மூடி வேகவைத்தார்கள். ஆப்பமும் இல்லை, ஊத்தப்பமும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று. மோனிகா வெங்காயம் நறுக்கினாள். நாகம்மாள் யாரிடமிருந்தோ ஊறுகாய் பாட்டில் வாங்கி வந்தாள். வரிசையில் நின்ற ஆண்களில் ஒருவர், "மாவு கொஞ்சம் புளிப்பா இருக்குதே" என்றார்.

"புளிப்பு வாணாம்னா நாளைக்கு வாங்க, நல்லாப் புளிச்சிருக்கும்" என்றாள் ரஞ்சனி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது, இங்கே சிரிப்பு வருகிறதே என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பசித்த வயிறு நாற்பது, தன் கையில் இரண்டு டிரம் மாவு. மனசு நிறைவாகத்தான் இருந்தது, அதற்கு என்ன செய்வது.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு மூவரும் வராந்தாவில் தட்டோடு உட்கார்ந்தார்கள். எழிலரசன் மோனிகாவிடம் கையால் ஏதோ சொன்னான். நடுவில் ஐந்து விரலையும் குவித்து, வாய்க்கு முன்னால் காக்காய் அலகு மாதிரி படபடவென்று திறந்து மூடினான். மோனிகா சட்டென்று அவன் கையைத் தட்டினாள். ரஞ்சனி பார்த்துவிட்டாள்.

"அது யாரு?" என்றாள் மெதுவாக. அலகை அவளும் செய்து காட்டினாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மோனிகா கடைசியில் ரஞ்சனியை நோக்கி விரலை நீட்டினாள். பத்து மாதமாக அந்த வீட்டில் அதுதான் அவளுடைய பெயர். ரஞ்சனிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அடுத்த கணம், இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றிவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு மோனிகா கொஞ்சம் யோசித்து, ஒரு கையைக் கிண்ணமாக வைத்து, இன்னொரு கையால் அதற்குள் அரைப்பதுபோல் சுற்றிக் காட்டினாள். எழிலரசன் ஒப்புக்கொண்டு தலையாட்டினான். பெயர் மாறியது.

பிறகு அவன் போனை எடுத்தான். சார்ஜ் கடைசிக் கோட்டில் இருந்தது. எழுதி அவளிடம் நீட்டினான். இந்தத் தடவை அவள் கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள்.

'தண்ணீர் என் மேட்டில் மோதி உங்கள் வீட்டுக்குள் திரும்புகிறது. இன்று கண்ணால் பார்த்தேன். அன்று நீங்கள் திட்டியது இதற்குத்தானா? நான் வீட்டை உயர்த்தியது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.'

"இதுக்குத்தான்" என்றாள். பிறகு, "அன்னிக்கு நீ இன்னா எழுதிக் காட்டின?" என்று கேட்டாள்.

அவன் போனை வாங்கி, யோசிக்காமல் ஒரே வரி எழுதினான். 'அக்கா மெதுவாகச் சொல்லுங்கள், என்ன தப்பு என்று புரியவில்லை.'

ரஞ்சனி அதை இரண்டு தடவை படித்தாள். தன் தட்டில் மீதியிருந்த பாதித் தோசையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வடிந்தது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. ஆனால் கிரைண்டர் இரண்டும் பக்கத்து வீட்டுக் கட்டில்மேல் மாப்பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. அரிசி நனையவில்லை. பத்திரம் நனையவில்லை. சென்னையிலிருந்து ஓடி வந்த தேவேந்திரன் வாசலில் பையை வைத்தபோது அவள் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப பயந்துட்டியா?" என்றான்.

"பயப்பட நேரம் இல்ல. நீங்க தொடப்பத்த எடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழிலரசன் லீவு போட்டிருந்த ஒரு கொத்தனாரைப் பிடித்துக்கொண்டு வந்தான். மேடு முழுவதையும் உடைத்துவிடுகிறேன் என்று சைகையில் சொன்னான். ரஞ்சனிதான் வேண்டாம் என்றாள். "மேடு இருக்கட்டும். எனக்கும் அது வேணும்" என்றாள், உதடு தெரியச் சொன்னாள். மேட்டின் முன்பக்கம் ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டினார்கள். அடைத்துக்கிடந்த பைப்பைப் பிடுங்கி எறிந்தார்கள். பழைய கால்வாய் மறுபடி வெளியே வந்தது. மேலே கழற்றி எடுக்கிற மாதிரி சிமெண்ட் பலகை போட்டார்கள். தேவேந்திரன் கண்டக்டர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு மண் அள்ளினான். மோனிகா டீ போட்டாள். ரஞ்சனி வெங்காய போண்டா போட்டாள், மாவு கைவசம் எப்போதும் உண்டு.

மத்தியானம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் மூன்றாம் வீட்டைக் கடந்தது, நாலாம் வீட்டைக் கடந்தது. ரஞ்சனி இடுப்பில் கை வைத்து அது போகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சாம் வீட்டிலிருந்து நாகம்மாள் வெளியே வந்தாள். அவள் வீட்டு முன்னால் கால்வாய்க்குள் பாதி இறங்கியபடி துணி துவைக்கிற கல் ஒன்று முப்பது வருஷமாகக் கிடந்தது. தண்ணீர் அங்கே வந்து கல்லில் முட்டி, சுற்றிப் பார்த்துவிட்டு, அவள் வாசல்படியை நோக்கித் திரும்பியது.

"இன்னாடி இது" என்றாள் நாகம்மாள். "உங்க வூட்டுத் தண்ணியெல்லாம் என் வூட்டுக்கு அனுப்பறீங்களா? கேக்க ஆளு இல்லன்னு நெனச்சீங்களா?"

அவள் வேகமாகத்தான் பேசினாள். எழிலரசனுக்கு ஒன்றும் புரியவில்லை, ரஞ்சனியின் முகத்தைப் பார்த்தான். தேவேந்திரன் மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தான். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

ரஞ்சனி வாயைத் திறந்தாள். பிறகு மூடினாள். நாகம்மாளின் படிவரைக்கும் நடந்துபோய் குனிந்து, தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று பார்த்தாள்.

"நீ சொல்றது சரிதான்க்கா" என்றாள். "கல்லை ஒரு அடி தள்ளிப் போட்டா சரியாப் போவும். அப்புறம் ஆறாவது வூட்டையும் பாக்கணும். மெதுவா சொல்லு, இன்னா இன்னா பண்ணலாம்."

நாகம்மாள் சண்டைக்குத் தயாராக வந்தவள், திடீரென்று கையில் ஒன்றும் இல்லாதவள்போல் நின்றாள். பிறகு, "கல்லைத் தூக்க நாலு பேரு வேணுமே" என்றாள்.

"அதான் இருக்கோமே" என்று ரஞ்சனி திரும்பி மற்ற மூவரையும் கையசைத்துக் கூப்பிட்டாள்.